ஆங்கிலப் பேச்சில் இட், தட், திஸ்: தமிழ் காட்டும் வழி



இச்சொற்பொழிவு வரிசையில் பெரும்பாலும் தமிழைப் பற்றியே பேசப்படுகிறது. இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பவை மூன்று ஆங்கிலச் சொற்கள்: 'இட்', 'தட்', 'திஸ்'. தமிழ் மொழியியல் படித்தவருக்கு இவற்றில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இம்மூன்றிலும் நம் மாணவர் தடுமாறுவதற்கும் காரணம் தமிழில் இருக்கிறது. தடுமாற்றம் தீரும் வழியும் தமிழில் இருக்கிறது. அதுவே நாம் இங்கு வந்து நிற்பதற்கான நியாயம். எடுத்துக்காட்டுகள் யாவும் பேச்சில் வழங்கும் வாக்கியங்கள். ஆதலால் அவற்றைத் தமிழெழுத்திலேயே தந்துள்ளோம். வாய்விட்டுப் படிப்பது நல்லது.

ஒரு சிறு உரையாடலிலிருந்து தொடங்குவோம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இரு மாணவியர் அமர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி, "மை கிராண்ட்மதர் இஸ் இன் ஹாஸ்பிட்டல்" என்கிறாள். மற்றவள் உண்மையான வருத்தத்தோடு, "இட்ஸ் வெரி சேட்" என்கிறாள். இலக்கணப்படி இதில் குற்றம் இல்லை. எந்தத் தாளிலும் இதற்குச் சிவப்பு மை விழாது. ஆயினும் ஆங்கிலத்தில் ஊறிய காதுக்கு அந்த மறுமொழி சற்று விலகி நிற்பதாகப் படும். பாட்டியின் நோய் இருவரும் முன்பே பேசி முடித்த பழைய செய்தி போலவும், அதைப் பற்றி இவள் ஒரு கருத்தைத் தெரிவிப்பது போலவும் அது அமைந்துவிடுகிறது. "தட்ஸ் வெரி சேட்" என்றிருந்தால், 'நீ இப்போது சொன்னாயே, அது என் காதில் விழுந்தது, அதற்காக வருந்துகிறேன்' என்னும் பொருள் முழுவதும் அந்த முதற்சொல்லிலேயே அடங்கியிருக்கும்.

இவ்வகைத் தவறுகளின் தொல்லை என்னவென்றால், இவற்றை எவரும் தவறு என்று சொல்வதில்லை. வினைமுற்றில் பிழை வந்தால் ஆசிரியர் திருத்துவார், நண்பர் சிரிப்பார், மாணவர் கற்றுக்கொள்வார். சுட்டுப்பெயரில் வரும் பிழையைக் கேட்பவர் மொழியின் குறையாகக் கொள்வதில்லை, பேசியவரின் இயல்பாகக் கொண்டுவிடுகிறார். 'நல்ல பெண்தான், ஆனால் ஒட்டுதல் இல்லாதவள்' என்று ஒரு கணிப்பு அவர் அறியாமலே விழுந்துவிடுகிறது. வேலைக்கான நேர்முகத்திலும், வாய்மொழித் தேர்விலும், புதிய நட்பின் முதல் வாரத்திலும் இத்தகைய கணிப்புகளுக்கு விலை உண்டு. அந்த விலையைக் காரணம் தெரியாமலே கொடுப்பவர் நம் மாணவர்.

பள்ளி நூல்கள் இதற்குச் சொல்லும் விதி மிக எளிது. அண்மைக்குத் 'திஸ்', சேய்மைக்குத் 'தட்', முன்பு சொன்ன அஃறிணைப் பொருளுக்கு 'இட்'. மேசைமேல் இருக்கும் பேனாவையும் சுவரில் தொங்கும் படத்தையும் காட்டிப் பேசும்வரை இவ்விதி போதும். ஆனால் மனிதர் ஒருவரோடொருவர் பேசும்போது சுட்டுபவை பெரும்பாலும் பேனாவும் படமும் அல்ல; ஒருவர் சொன்ன செய்தி, யோசனை, குறை, வாக்குறுதி ஆகியவையே. செய்திக்கு அண்மை ஏது, சேய்மை ஏது? நண்பன் அருகில் அமர்ந்து, "வீ குட் டேக் தி பஸ்" என்கிறான். அவன் சொல் நம் காதருகேதான் ஒலித்தது. அதற்காக "திஸ் இஸ் எ குட் ஐடியா" என்று ஆங்கிலம் பேசுவோர் மறுமொழி சொல்வதில்லை. "தட்ஸ் எ குட் ஐடியா" என்பதே வழக்கு.

1976ஆம் ஆண்டு ஹாலிடே, ருக்கையா ஹசன் ஆகிய இருவரும் ஆங்கிலத்தில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று பிணையும் முறையை விரிவாக ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டனர். அதில் அவர்கள் கண்டு சொன்ன செய்தி ஒன்று நமக்கு வேண்டியது: பேசுபவர் தாம் சொன்னதைத் 'திஸ்' என்றும், எதிரில் இருப்பவர் சொன்னதைத் 'தட்' என்றும் குறிக்கும் போக்குடையவர். ஆக, அளக்கப்படுவது தொலைவு அன்று, உடைமை. யார் வாயிலிருந்து வந்தது என்பதே கேள்வி. உரையாடல் என்பது இருவர் மாறி மாறிச் சொல் எறியும் ஆட்டம். அதில் 'தட்' அடிக்கடி வருவதில் வியப்பில்லை. 1999இல் பைபர் உள்ளிட்ட ஐவர் தொகுத்த லாங்மன் இலக்கணம், பெரும் உரைத்தொகுப்பை எண்ணிப் பார்த்து, பேச்சில் தனித்து வரும் சுட்டுப்பெயர்களுள் 'தட்' என்பதே மிகுதி என்றும், ஆய்வுக் கட்டுரைகளில் 'திஸ்' முந்துகிறது என்றும் காட்டியது. கட்டுரையில் எதிராளி இல்லை. எழுதுபவர் தம் சொல்லையே மீண்டும் மீண்டும் சுட்டுகிறார்.

தமிழ் படித்தவர் இங்கே சற்று நிமிர்ந்து உட்காரலாம். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் தொடக்கத்திலேயே அகரம், இகரம், உகரம் என மூன்று சுட்டுகளைச் சொல்கிறார். தமிழகப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கொழிந்தது. யாழ்ப்பாணத்தில் அது இன்றும் உயிரோடிருக்கிறது; இலங்கையிலிருந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களின் முதியோர் வாயிலும் கேட்கலாம். 'உது' என்றால் கேட்பவர் பக்கத்தில் இருப்பது. 'உதெல்லாம் சரிவராது' என்று ஒருவர் சொன்னால், நீர் இப்போது சொன்ன யோசனை சரிவராது என்பது பொருள். ஆங்கில உரையாடலின் 'தட்' பெருமளவு செய்யும் வேலை இந்த 'உது' செய்யும் வேலைதான். யாழ்ப்பாணத்துப் பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைக்கு 'தட்' கற்பிக்க நான்கு வாக்கியங்களுக்கு மேல் தேவைப்படாது என்று நாம் நினைப்பதுண்டு.

மற்றவர்க்கு 'உது' கையில் இல்லை. 'அது', 'இது' என இரண்டே உள்ளன. நம் அண்டை மொழிகளும் அப்படியே. மலாயில் 'இனி' அண்மை, 'இத்து' சேய்மை. தமிழ்க் காதுக்கு இது ஒரு வேடிக்கை: அவர்களின் சேய்மைச் சொல் நம் அண்மைச் சொல்போல் ஒலிக்கிறது. மாண்டரினிலும் இரண்டே. பிறர் சொன்ன யோசனையைத் தமிழர் 'இது நல்ல யோசனையாயிற்றே' என்று தயங்காமல் சொல்வர். அவை நடுவே வைக்கப்பட்ட பொருள் எல்லார்க்கும் அண்மை என்பது தமிழின் கணக்கு. ஆங்கிலத்தின் கணக்கு வேறு. 'திஸ் இஸ் குட் ஐடியா' என்று நம் மாணவர் சொல்லும்போது பேசுவது அந்தத் தமிழ்க் கணக்கே.

இதுவரை 'இட்' என்பதைத் தொடவில்லை. உண்மையில் இடர் அதிகம் அங்கேதான். 'தட்', 'இட்' இரண்டையும் தமிழ் 'அது' என்றே பெயர்ப்பதால், இரண்டும் ஒன்றே, ஒன்று குட்டை மற்றொன்று நெட்டை என்று மாணவர் எண்ணிவிடுகிறார். அகராதியும் அவரைத் திருத்துவதில்லை.

பின்வரும் வினாவிடையைப் பாருங்கள். "வேர் இஸ் தி கீ?" "இட்ஸ் ஆன் தி டேபிள்." இதைத் தமிழில் எப்படிச் சொல்வோம்? "சாவி எங்கே?" "மேசைமேல் இருக்கிறது." விடையில் 'அது' இல்லை. சாவி இருவர் மனத்திலும் இருக்கிறது. அதை மறுபடி பெயரிட்டோ சுட்டியோ அழைக்க வேண்டியதில்லை. நம் இலக்கணம் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயரிட்டிருக்கிறது. ஆங்கிலத்துக்குத் தோன்றா எழுவாய் ஒவ்வாது. எழுவாயின் நாற்காலி வெறுமையாக இருக்கக்கூடாது என்பது அம்மொழியின் பிடிவாதம். அந்த நாற்காலியில் ஒலியும் எடையும் மிகக் குறைந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து அமர்த்துகிறது, அதுவே 'இட்'. மழை பெய்கிறது என்பதற்கு "இட்ஸ் ரெய்னிங்" என்றும், நேரமாகிவிட்டது என்பதற்கு "இட்ஸ் லேட்" என்றும் சொல்லும்போது அந்த நாற்காலியில் இருப்பது வெறும் சட்டைதான். உள்ளே ஆள் இல்லை.

எனவே முதல் முடிவு: ஆங்கில 'இட்' தமிழின் 'அது'வுக்கு இணையன்று. தமிழ் எங்கே எதுவும் சொல்லாமல் விடுகிறதோ, அந்த மௌனத்துக்கு இணை.

பழைய ஆங்கில வாசகங்கள் இதைக் கெடுத்தன. 'வாட் இஸ் திஸ்? திஸ் இஸ் எ புக்' என்று கோரசாக ஒப்பித்து வளர்ந்த தலைமுறைகள் உண்டு. இயல்பான பேச்சில் 'வாட்ஸ் திஸ்?' என்று கேட்டால் 'இட்ஸ் எ புக்' என்றுதான் மறுமொழி வரும். கேட்டவர் ஏற்கெனவே சுட்டிவிட்டார். மறுபடி சுட்டினால் விரலை விரலால் சுட்டுவது போலாகும். தமிழில் 'என்ன இது?' என்பதற்கு 'இது புத்தகம்' என்பதும் ஒக்கும், 'புத்தகம்' என்று மட்டும் சொல்வதும் ஒக்கும். வாசக ஆசிரியர்கள் முதல் வகையை எடுத்துக்கொண்டது முழு வாக்கியம் கற்பிக்கும் ஆசையால். கொடுத்த விலை, ஒரு தலைமுறை 'இட்ஸ்' என்று தொடங்கும் பழக்கத்தையே இழந்தது.

ஒரு பொருளைக் குறிக்கும் சொல் எவ்வளவு இளைத்திருக்கலாம் என்பது, கேட்பவர் மனத்தில் அப்பொருள் எவ்வளவு ஒளியோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1993இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் ஜெனட் கண்டல், நான்சி ஹெட்பர்க், ரான் சகார்ஸ்கி ஆகியோர் இதை ஆறு படிகள் கொண்ட ஏணியாக வரைந்தனர். உச்சிப் படியில், கவனத்தின் நடுவில் நிற்கும் பொருளுக்கு 'இட்'. அதற்கு அடுத்த படியில், மனத்தில் எழுப்பப்பட்டும் இன்னும் நடுவுக்கு வராத பொருளுக்குத் 'தட்', 'திஸ்'. ஆங்கிலத்தோடு மாண்டரின், ஜப்பானியம், உருசியம், ஸ்பானியம் ஆகியவற்றையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். தமிழ் அதில் இல்லை. இருந்திருந்தால், உச்சிப் படியில் தமிழ் எந்தச் சொல்லையும் வைக்காமல் நிற்பதை எழுதியிருப்பார்கள்.

குறிக்கும் சொற்களுக்கு வரிசை உண்டு என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. ஒரு வினையோடு இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமாயின் இயற்பெயரே முன்வர வேண்டும், சுட்டுப்பெயர் பின்வர வேண்டும் என்று கிளவியாக்கம் விதிக்கிறது. செய்யுளுக்கு மட்டும் விலக்கு. முதலில் பொருளை மனத்தில் ஏற்று, பிறகே அதைச் சுட்டு என்பதுதான் அவ்விதியின் உட்கிடை.

இனித் 'தட்'. 'இட்' மௌனத்துக்கு இணையென்றால் 'தட்' எதற்கு இணை? அன்றாடம் நாம் பேசும் சில தொடர்களை அடுக்கிப் பார்ப்போம். அதுதான் சங்கதி: "தட்ஸ் தி பாயிண்ட்." அதனால்தான்: "தட்ஸ் வை." அப்படித்தான்: "தட்ஸ் ஹவ்." அவ்வளவுதான்: "தட்ஸ் ஆல்." அது சரி: "தட்ஸ் ட்ரூ." அப்படியா: "இஸ் தட் ஸோ?" இவற்றில் ஒன்றிலேனும் 'இட்' போட்டுப் பாருங்கள், ஒன்று பொருள் மாறும், அல்லது தொடரே நொண்டும். இடப்பக்கம் முழுவதும் அகரச்சுட்டு. அது, அதனால், அப்படி, அவ்வளவு. தமிழ் அகரத்தை வாய்விட்டுச் சொல்லும் இடத்திலெல்லாம் ஆங்கிலம் 'தட்' என்கிறது.

இந்த ஒப்புமைக்கு ஒலியில் ஒரு காரணம் உண்டு. தமிழில் அழுத்தம் தர நாம் 'தான்' சேர்க்கிறோம், அல்லது தேற்றேகாரம் சேர்க்கிறோம். ஆங்கிலம் அதே வேலையைக் குரலின் அழுத்தத்தால் செய்கிறது. 'தான்' வந்து ஒட்ட ஒரு சொல் இருக்க வேண்டும். மௌனத்தோடு அது ஒட்டாது. அதுபோலவே 'இட்' குரலின் அழுத்தத்தைத் தாங்காது, 'தட்' தாங்கும். ஆகவே மாணவர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி மிகச் சிறியது: இதைத் தமிழில் சொன்னால் அங்கே 'அதுதான்' என்று வருமா? வருமானால் 'தட்'. 'அது' என்றே வராமல் வினை மட்டும் நிற்குமானால் 'இட்'.

ஆசிரியர்கள் இந்நேரம் ஒரு தடையை எழுப்பியிருப்பீர்கள். சிற்றுண்டிச்சாலை மாணவியிடம் திரும்புவோம். பாட்டி மருத்துவமனையில் என்று தோழி சொன்னால் தமிழில் என்ன சொல்வோம்? 'ரொம்ப வருத்தமாயிருக்கிறது.' இதில் 'அது' இல்லை. அப்படியானால் நம் அளவுகோலின்படி 'இட்ஸ் வெரி சேட்' சரியென்று ஆகுமே? அந்த மாணவி செய்ததும் அதைத்தானே? நியாயமான தடை.

விடை அவள் சொல்லாமல் விட்ட சொல்லில் இருக்கிறது. செய்தி ஒன்றைக் கேட்டவுடன் தமிழர் கருத்துச் சொல்வதில்லை. முதலில் 'அப்படியா!' என்கிறார், செய்தி வந்து சேர்ந்தது என்று கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறார். பிறகே 'வருத்தமாயிருக்கிறது' அல்லது 'நல்லதாயிற்று' என்கிறார். 'அப்படியா' வந்துவிட்டதால் இரண்டாவது வாக்கியத்தில் சுட்டு தேவையில்லை. ஆங்கிலமோ வாங்கிக்கொள்வதையும் கருத்துச் சொல்வதையும் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடிக்கிறது. நம் 'அப்படியா' அங்கே 'தட்' ஆகச் சுருங்கி வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. "தட்ஸ் கிரேட்" என்பது 'அப்படியா! நல்லது'. "தட்ஸ் டெரிபிள்" என்பது 'அப்படியா! ஐயோ'. "தட்ஸ் ஸ்ட்ரேஞ்ச்" என்பது 'அப்படியா! வியப்பாக இருக்கிறதே'.

ஆகவே அளவுகோலை இப்படித் திருத்திக்கொள்வோம். மறுமொழிக்கு முன்னால் 'அப்படியா' என்று சொல்ல இடமுண்டா என்று பார். உண்டென்றால் 'தட்'. 'சாவி எங்கே?' என்பதற்கு 'அப்படியா! மேசைமேல் இருக்கிறது' என்று எவரும் சொல்லார். ஆகவே அங்கே 'இட்'. 'எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்துவிட்டது' என்பதற்கு 'அப்படியா! மகிழ்ச்சி' என்போம், ஆகவே "தட்ஸ் ஒண்டர்ஃபுல்". அதே செய்தியை இருவரும் பத்து நிமிடம் பேசிய பிறகு, பேருந்து நிலையத்தில் பிரியும்போது, 'இட்ஸ் ஒண்டர்ஃபுல்' என்றால் குற்றமில்லை. அப்போது செய்தி இருவர் கவனத்தின் நடுவிலும் வந்து அமர்ந்துவிட்டது. 'அப்படியா' என்பதற்கு அப்போது இடமில்லை. காலம் கடந்து சொன்ன 'அப்படியா' எவ்வளவு நகைப்புக்குரியது என்பதை நாம் அறிவோம்.

'தெரியும்' என்னும் சொல்லிலும் இதே நுட்பத்தைக் காணலாம். 'எனக்குத் தெரியும்' என்பதற்கு ஆங்கிலம் "ஐ நோ" என்று நிறுத்திக்கொள்கிறது. நம் மாணவர் செயப்படுபொருள் குன்றாவினை என்று கற்றதை நினைவில் வைத்து 'ஐ நோ இட்' என்று நிரப்பிவிடுகிறார். 'அது எனக்குத் தெரியும்' என்று சற்றே சிடுசிடுப்போடு தமிழில் சொல்கிறோமே, நீ சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்னும் குறிப்போடு, அதற்குத்தான் "ஐ நோ தட்". ஆசிரியரிடம் பேசும்போது எது வேண்டும் என்பதை மாணவர் தாமே முடிவு செய்யலாம்.

கணித வகுப்பிலும் இது பயன்படும். "டபிள் ஃபைவ், தென் ஸ்குவேர் தட்" என்றால் ஐந்தை இருமடங்காக்கி வந்த பத்தின் வர்க்கம்: நூறு. "ஸ்குவேர் இட்" என்றால் சிலர் பத்தை எடுத்துக்கொள்வர், சிலர் ஐந்துக்கே திரும்பி இருபத்தைந்து என்பர். கவனத்தின் நடுவில் இருப்பது ஐந்துதான் என்று அவர் கொண்டதே காரணம். 'தட்' புதிதாகப் பிறந்த விடையைச் சுட்டும்; 'இட்' பழைய பொருளோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். தமிழில் 'வரும் விடையை வர்க்கமாக்கு' என்று சொல்லி நாம் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கிறோம்.

'திஸ்' பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. தன் வாயிலிருந்து இனி வரப்போவதைச் சுட்ட 'திஸ்' என்பதில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றே. 'இதைக் கேளேன்' என்பது "லிசன் டு திஸ்". கட்டுரை எழுதும்போது தம் முந்தைய வாக்கியத்தை 'இதனால்', 'இது காட்டுவது' என்று தமிழில் தொடரும் மாணவர், ஆங்கிலக் கட்டுரையில் மட்டும் 'இட் ஷோஸ்' என்று எழுதுவது ஏனென்று விளங்கவில்லை. இகரத்தை அப்படியே எடுத்துச்சென்று "திஸ் ஷோஸ்" என்றால் போதும்.

மனிதரைச் சுட்டும் இடம் ஒன்று மட்டும் விளக்கம் கேட்கிறது. தாத்தாவை ஆசிரியருக்கு அறிமுகம் செய்யும்போது ஆங்கிலம் "திஸ் இஸ் மை கிராண்ட்ஃபாதர்" என்கிறது. நம் பிள்ளைகள் இங்கே கூசுகிறார்கள். 'இவர்' என்று சொல்ல வேண்டிய பெரியவரை 'இது' என்பதா? அந்தக் கூச்சத்தைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. உயர்திணை, அஃறிணை என்னும் வேறுபாட்டை மூச்சோடு கற்ற பிள்ளைக்கு அது வரத்தான் வேண்டும். அதனால் 'ஹீ இஸ் மை கிராண்ட்ஃபாதர்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அது தாத்தாவைப் பற்றி முன்பே பேச்சு நடந்திருந்தால் பொருந்தும், அறிமுகத்துக்குப் பொருந்தாது. அவர்களுக்கு ஒன்றைச் சொல்லலாம்: ஆங்கிலமும் மனிதரை அஃறிணையாக்க ஒருப்படுவதில்லை. இன்னார் என்று அடையாளம் காட்டும் வாக்கியத்தில் மட்டுமே அது 'திஸ்', 'தட்' என்பவற்றை மனிதருக்குத் தருகிறது. "தட்ஸ் மை டீச்சர்" என்பது இயல்பு. ஆனால் ஓர் ஆசிரியரைப் பற்றித் 'தட் கேம் எஸ்டர்டே' என்றால் 'அது நேற்று வந்தது' என்பதில் உள்ள அவமதிப்பு அங்கும் அப்படியே உண்டு.

கதவு தட்டப்பட்டால் "ஹூ இஸ் இட்?" என்பதும், 'யாரது?' என்பதும் இதே வகை. ஆள் யாரென்று தெரியாதவரை திணையும் தெரியாது. தொலைபேசியில் தம்மைக் குறிப்பவர் "திஸ் இஸ் மாலா" என்கிறார்; எதிர்முனையில் இருப்பவரைப் பிரிட்டிஷ் வழக்கு "இஸ் தட் மிஸஸ் லிம்?" என்றும் அமெரிக்க வழக்கு "இஸ் திஸ் மிஸஸ் லிம்?" என்றும் கேட்கிறது. நம் நாடுகளில் இரண்டும் காதில் விழுகின்றன. எதையும் தவறென்று அடிக்க வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியப் பேச்சு ஆங்கிலத்தில் 'இட்' உதிர்ந்துபோவது எல்லாரும் அறிந்தது. 'வெரி நைஸ்', 'ரெய்னிங் ஆல்ரெடி' என்று எழுவாயின்றிப் பேசி, பொருள் கெடாமல் வாழ்கிறோம். சீன மொழிகளும் மலாயும் தமிழும் எழுவாயை விட்டுப் பேச இடம் தருபவை. எனவே இங்கே பிறந்த ஆங்கிலம் அப்படி ஆனதில் வியப்பில்லை. அதை இழிவாகப் பேசுவோர் பக்கம் நாம் இல்லை. நமக்குள்ள கவலை வேறு. பொது வழக்கு ஆங்கிலம் கற்பிக்கையில் ஆசிரியர், "இட் போடு, இட் போடு" என்று வலியுறுத்துகிறார். மாணவர் கீழ்ப்படிகிறார். 'தட்' வேண்டிய இடத்திலும் 'இட்' வந்து நிற்கிறது. முன்பு சொன்ன சிற்றுண்டிச்சாலை வாக்கியம் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததே என்பது நம் கருத்து. அவளை விட்டிருந்தால் 'ஸோ சேட்' என்றிருப்பாள். தோழிக்கு அதுவே இதமாக இருந்திருக்கும்.

இக்காலத்தில் போக்கு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம் என்றனர். அவ்வீடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளையிடம் 'பந்து எங்கே?' என்று கேட்டால், 'அது நாற்காலிக்குக் கீழே இருக்கு' என்கிறது. இலக்கணம் இதையும் குற்றம் சொல்லாது. ஆனால் தமிழ்க் காது ஒரு கணம் நின்று, எதையோ தனித்துச் சுட்டுகிறதே, வேறு பந்து ஏதும் உண்டோ என்று தேடும். பிள்ளை 'இட்' என்பதைத் தமிழாக்கியிருக்கிறது, அவ்வளவுதான். தமிழாசிரியர்கள் இதைப் பிழையென்று அடிக்காமல், 'அது' இல்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னால் போதும். தமிழில் சொல்லாமல் விடுவதும் ஓர் இலக்கணம் என்பது பிள்ளைக்கு அன்று தெரியவரும். ஆங்கில 'இட்' எங்கே வரும் என்பதும் கூடவே தெரியவரும்.

வகுப்பில் இதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆசிரியர் பத்துச் சிறு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லட்டும்: சில புதுச் செய்தி, சில வினா. மாணவர் ஒவ்வொன்றுக்கும் முதலில் தமிழில் மறுமொழி சொல்லட்டும். 'அப்படியா' வருகிறதா என்று அடுத்தவர் கவனிக்கட்டும். பிறகு ஆங்கிலத்தில் சொல்லட்டும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்னும் விதி சில பள்ளிகளில் இருப்பது நமக்குத் தெரியும். அங்கே தமிழ் வகுப்பிலேயே இதைச் செய்யலாம். தமிழ் வகுப்பில் ஆங்கிலம் பேசக்கூடாது என்னும் விதியை ஐந்து நிமிடம் தளர்த்தும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும். கேள்விகளுக்கு நேரம் வேண்டியிருப்பதால் இத்துடன் அமைகிறோம்.